அம்மா கேட்ட பேய்

போன வாரம் அக்கா போனில் ஒரு கேள்வி கேட்டாள். "பேய்க்கதை படிச்சா பயமா இருக்கு. அதையே படமா எடுத்தா ஏன்டா சிரிப்பு வருது?" அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு யோசித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நாங்கள் செங்கல்பட்டில் ஓட்டு வீட்டில் இருந்த காலம். ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' தொடராக வந்துகொண்டிருந்தது. புத்தகம் வந்த அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அக்கா உரக்க வாசிப்பாள். அம்மா வெற்றிலையை மடித்தபடி கேட்பாள். நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்பேன்.

நாட்டுப்பாடல் ஆராய்ச்சிக்காகக் கல்யாணராமன் என்ற இளைஞன் கிராமத்துக்கு வந்து, பழைய ஜமீன் வீட்டில் தங்குகிறான். ராத்திரியில் சத்தங்கள் கேட்கின்றன. அந்த இடம் வரும்போது அக்காவின் குரல் தானாகவே தாழ்ந்துவிடும். 'தொடரும்' என்றதும் அம்மாவுக்குக் கோபம் வரும். "அவ்வளவுதானா? மிச்சத்தையும் படியேன்டி!"

அப்பா காலமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கொல்லைப் பக்கம் ராத்திரியில் கிணற்று ராட்டினம் ஒரு தரம் முனகும். காற்றுதான். ஆனால் அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அப்பா விடியற்காலையில் தண்ணீர் இறைக்கிற பழக்கம் உள்ளவர். கல்யாணராமனைப் பற்றி அம்மா ஒரு தரம் கேட்டாள்: "சத்தம் கேட்டும் அந்தப் பையன் ஏன் ஓடாம அங்கேயே இருக்கான்?" அக்கா பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள்: "இருப்பான். யாருன்னு தெரிஞ்சுக்கணும் இல்ல?"

கடைசியில் சுஜாதா அந்தச் சத்தங்களுக்கெல்லாம் மனிதர்களையே காரணமாகக் காட்டிவிடுவார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அது கதையை முடிக்கிறதுக்காகச் சொல்றது" என்றுவிட்டாள்.

1981-இல் அது படமாக வந்தது. ஜி. என். ரங்கராஜன் இயக்கம். பிரதாப் போத்தன், ஸ்ரீப்ரியா நடிப்பு. இளையராஜா இசை. அம்மா ஆசைப்பட்டுக் கேட்டு சினிமாவுக்குப் போனது அந்த ஒரு தடவைதான். பாட்டுகள் நன்றாக இருந்தன. இன்றைக்கும் ரேடியோவில் வந்தால் நிறுத்திக் கேட்பேன். ஆனால் ஜமீன் வீட்டுக் காட்சிகளில் அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து ரிக்‌ஷாவில் ஏறும்போது ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "பேய் இவ்வளவு சத்தமாவா வரும்?"

அன்றைக்கு நாங்கள் இருவரும் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. அவளுக்குத் தெரிந்த பேய் ராட்டினத்தை ஒரே ஒரு தரம் முனக வைத்துவிட்டுப் போய்விடுகிற பேய்.

புத்தகத்தில் வருகிற பேய்க்கு எழுத்தாளர் பாதி உருவம்தான் கொடுக்கிறார். மீதியை நாம் நம் வீட்டு இருட்டிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்கிறோம். சினிமாக்காரருக்கு அந்த வசதி இல்லை. எதையாவது காட்டித்தான் ஆக வேண்டும். காட்டினால் அது அவருடைய பேய்; நம்முடையது அல்ல. இன்னொன்று, தொடர்கதையில் ஒரு வாரம் காத்திருக்கிறோம். அந்த ஏழு நாளும் பயம் நம்மோடு அடுப்படிக்கும் கொல்லைக்கும் வந்து போகும். படத்தில் இரண்டரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இன்னும் கஷ்டமான கதை. எண்பதுகளின் தொடக்கத்தில் குமுதத்தில் வந்தது. நடப்பதெல்லாம் விஞ்ஞானம் என்பான் கணேஷ். வசந்துக்குப் பேயின் மேல் சந்தேகம் போகாது. கடைசிப் பக்கம் வரைக்கும் நம்மை இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி வைப்பார். 2019-இல் நயன்தாரா நடித்து அதே பெயரில் ஒரு படம் வந்தது. வயதான வாசகர்கள் பலர் என்னைப் போலவே ஆசையாகக் காத்திருந்திருப்பார்கள். பார்த்தால் கணேஷும் இல்லை, வசந்தும் இல்லை. கதையே வேறு, தலைப்பு மட்டும்தான் நம்முடையது.

வெளிநாட்டிலும் இந்த வருத்தம் உண்டு. ஸ்டீபன் கிங் எழுதிய 'தி ஷைனிங்' நாவலை ஸ்டான்லி குப்ரிக் 1980-இல் படமாக்கினார். உலகமே கொண்டாடியது, எழுதியவருக்கு மட்டும் பிடிக்கவில்லை. நல்ல மனிதன் ஒருவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போவதுதான் அவர் கதை. படத்தில் அவன் முதலிலிருந்தே பைத்தியம் போலத் தெரிகிறான் என்பது அவர் குறை. 1997-இல் தானே திரைக்கதை எழுதி டிவி தொடராக எடுக்க வைத்தார்.

டிவி என்றதும் நமக்கு 'விடாது கருப்பு' நினைவுக்கு வரும். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்தபோது தெருவே அடங்கிவிடும். அங்கே அது பலித்ததற்குக் காரணம், வாராவாரம் காத்திருந்ததுதான் என்பேன். சாமியா, மனிதனா என்று ஊரெல்லாம் வாரம் முழுக்கப் பேசினோமே! 2024 நவம்பரில் அவர் மறைந்த செய்தி வந்தபோது அந்தக் குதிரைக் குளம்புச் சத்தம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது.

நான் ஊரப்பாக்கத்துக்குக் குடிவந்த புதிதில் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு டார்ச் விளக்கோடுதான் நடப்பேன். வழியில் ஒரு புளியமரம் உண்டு. அதற்கு ஒரு கதையும் உண்டு. இப்போது கிளாம்பாக்கம் பஸ் நிலைய வெளிச்சம் ராத்திரி முழுக்க வானத்தில் தெரிகிறது. பேய் வந்தாலும் ஒளிய இடமில்லை.

அக்காவுக்கு இரண்டு வருஷமாகக் கண் மங்கிவிட்டது. விழித்திரைக் கோளாறு, சரிசெய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மதுராந்தகத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். ராத்திரி எட்டரை மணிக்கு நான் போன் செய்து ஒரு அத்தியாயம் வாசிக்கிறேன். இப்போது ஓடுவது 'கரையெல்லாம் செண்பகப்பூ'தான். முடிவு இருவருக்கும் மனப்பாடம்.

படமே யூடியூபில் கிடைக்கும், போட்டுக் கேளேன் என்று ஒரு நாள் சொன்னேன். "வேண்டாம்டா, நீ படி" என்றாள்.

நேற்று ஜமீன் வீட்டுச் சத்தம் வருகிற இடம். என் குரல் தாழ்ந்ததை நானே கவனித்தேன். அத்தியாயம் முடிந்ததும் நிறுத்தினேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன். அவ்வளவுதானா? மிச்சத்தையும் படியேன்டா" என்றாள்.