டாங்கர் தீவுக்கு ஒருநாள்

பள்ளி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யோசிக்கிறீர்களா? ஹரிஸ் பார்க்கில் ரயிலேறி, ஸ்ட்ரத்பீல்டில் மாறி, ஹோக்ஸ்பரி ரிவர் நிலையத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே படகுத்துறை. 1889இல் திறந்த பழைய ரயில் பாலத்தைக் கட்டியவர்கள் தங்கியிருந்த தீவு இது. தீவுக்குள் இங்குள்ளவர்கள் கார் ஓட்டுவதில்லை. சாமான்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறார்கள்.

புங்குடுதீவில் பிறந்த என் அம்மா 1991இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டபின் வள்ளத்தில் ஏறியதேயில்லை. துறையில் நின்று, "பாஸ் கேட்பினமோ?" என்றார்.

"இல்லையம்மா, ரிக்கற் மட்டுந்தான்."

திரும்பும்போது, "குறிகட்டுவான் காத்துப் போலக் கிடக்கு" என்றார்.

கட்டுச்சோற்றோடு போய்வாருங்கள். வீட்டிலுள்ள முதியவர்களையும் கூட்டிச்செல்லுங்கள்.