பேனாவால் எழுதிய 709

கிரிக்கெட் கார்ட் சேர்த்தவங்க எல்லாருக்கும் மனசுக்குள்ள ஒரு விலைப்பட்டியல் இருக்கும். எங்களுக்கும் இருந்தது. ஒரு ஜயசூரியவுக்கு இரண்டு சுமாரான வெளிநாட்டுக்காரர்கள். சங்கக்கார வேணும்னா மூன்று. சிம்பாப்வே வீரர்களைச் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டோம், பாவம். எல்கடுவ, ரத்தொட்ட பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாத்தளை டவுனுக்கு டியூஷனுக்கு வரும் நாங்கள் நாலைந்து பேர் காசு சேர்த்து ஒரு பக்கெட் வாங்குவோம். வாங்குவது சுலபம். பிரிக்கிறபோதுதான் சண்டை.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அட்டையில் வீரரின் படம், அதற்குக் கீழே அவருடைய கணக்கு: போட்டிகள், ஓட்டங்கள், கூடிய ஓட்டம், விக்கெட், பிடிகள். ஆளுக்கொரு கட்டு. மேலே இருக்கும் அட்டையை மட்டும்தான் பார்க்கலாம். முறை யாருடையதோ அவர் "ஓட்டம்" என்றோ "விக்கெட்" என்றோ கேட்பார். பெரிய எண் வைத்திருப்பவருக்கு எல்லாருடைய அட்டையும் போகும், அடுத்த முறையும் அவருக்குத்தான்.

இந்தக் கணக்கில் பார்த்தால் ஜக் கலிஸ்தான் தங்கம். ஓட்டம் கேட்டாலும் விக்கெட் கேட்டாலும் மனுஷன் தப்பிவிடுவார். முத்தையா முரளிதரனோ ஆபத்தான அட்டை. உங்கள் முறையில் மேலே வந்தால் "விக்கெட்" என்று கத்தி எல்லாத்தையும் அள்ளலாம். அடுத்தவன் முறையில் வந்தால் அவன் "ஓட்டம்" என்பான், முரளி போய்விடுவார். அப்படியிருந்தும் எங்கள் சந்தையில் ஒரு முரளிக்கு ஒரு கலிஸையும் கொடுத்து மேலே ரெண்டு அட்டையும் தரவேண்டும்.

காரணம் பெயர்தான். பக்கெட் முழுக்கத் தேடினாலும் எங்கள் வகுப்பு இடாப்பில் இருக்கிற மாதிரி ஒரு பெயர் அதில்தான் இருந்தது. ரசல் ஆர்னோல்டின் முழுப்பெயருக்குள் ஒரு பிரேமகுமாரன் ஒளிந்திருப்பது பல வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும். முரளியின் தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஏதோ பக்கத்து லயத்துக்காரரைப் பற்றிச் சொல்வது போல. அவர் அப்பா கண்டியில் பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்தவர், லயத்துப் பிள்ளை இல்லை என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வராது. எங்களுக்கும் அது தேவைப்படவில்லை.

எங்கள் பக்கெட் 2005 அளவில் அச்சானது. அதில் ஷேன் வோர்னின் விக்கெட் எண் முரளியுடையதைவிடக் கூட. 2004 மார்ச்சில் ஒரே தொடரில், வோர்ன் காலியிலும் முரளி கண்டியிலும், சில நாள் இடைவெளியில் 500ஐத் தொட்டவர்கள். பிறகு முரளிக்குக் காயம், வோர்ன் முந்திவிட்டார். 2007 டிசம்பர் 3ஆம் திகதி கண்டி அஸ்கிரியவில் போல் கொலிங்வூட்டை போல்ட் ஆக்கி முரளி 709க்கு வந்தார். வோர்ன் 708இல் ஓய்வு பெற்றிருந்தார். அன்றைக்குச் சாயந்திரம் லயத்து வாசலில் விளையாடினால், வோர்ன் அட்டை மறுபடியும் முரளியை வெட்டுகிறது!

"டேய், இன்னைக்குத் தாண்டிட்டாருடா."

"கார்ட்ல என்ன இருக்கோ அதுதான் கணக்கு."

பெரிய வாக்குவாதம். கடைசியில் முரளியின் சொந்தக்காரன் நீலப் பேனாவை எடுத்து அச்சு எண்ணை வெட்டி 709 என்று எழுதினான். 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தியபோது அதையும் வெட்டி 800. இடமில்லாமல் கடைசி சைபர் முரளியின் முழங்கையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கார்ட்டுக்கு விலை போடும் உலகம் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளும். அங்கே மூலை மடியக்கூடாது, கோடு விழக்கூடாது. ஒன்று முதல் பத்து வரை புள்ளி போட்டு பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துவிடுவார்கள். 1952இல் அமெரிக்காவின் டொப்ஸ் நிறுவனம் அச்சிட்ட மிக்கி மான்டில் என்ற பேஸ்போல் வீரரின் அட்டை ஒன்று 2022 ஓகஸ்டில் 12.6 மில்லியன் டொலருக்குப் போனது. அதே தொகுதியில் விற்காமல் கிடந்த பெட்டிகளை 1960இல் கடலில் கொட்டியதாக அந்த நிறுவனத்தின் சை பேர்கர் பிறகு சொல்லியிருக்கிறார். கடலில் போனதால் கரையில் மிஞ்சியதற்கு விலை. அந்தச் சந்தையில் எங்கள் முரளிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. ஆனால் ஒரு கேள்வி: எழுபது வருஷமாகப் புதுசாகவே இருக்கும் அந்த அட்டையை வைத்து யார்தான் விளையாடினார்கள்?

709 வந்த அதே நாள் இலங்கைத் தபால் திணைக்களம் பந்து மாதிரி வட்டமாக ஒரு முத்திரை வெளியிட்டது. விலை 5 ரூபா. எங்களில் ஒருத்தி அதை இன்னும் வைத்திருக்கிறாள், ஒட்டாமல், பொலித்தீனுக்குள். கிரேட் போடுகிறவர்களுக்குப் பிடித்த ஆள் அவள்தான்.

விலை விழுந்த கதையும் இருக்கிறது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் முரளி கோட்டாபய ராஜபக்சவுக்கு ஆதரவாகப் பேசினார். அடுத்த வருஷம் '800' படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதாக அறிவிப்பு வந்து, தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்தவர்களிடமும் எதிர்ப்புக் கிளம்பி, அவர் விலகினார். (படம் 2023இல் மதுர் மிட்டல் நடித்து வந்தது.) எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. நீலப் பேனாக்காரன் அட்டையைப் படம் பிடித்துப் போட்டு, "யாருக்காவது வேணுமா, சும்மா தர்றேன்" என்று எழுதினான். ஒரு காலத்தில் கலிஸைக் கொடுத்தாலும் கிடைக்காத அட்டை. ஒருவரும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் படித்த தோழி, "அந்தப் பேர் எனக்கு வேற மாதிரிக் கேக்குது" என்றாள். இன்னொருத்தன், "பந்து போட்ட கை வேற, பேசின வாய் வேறடா" என்றான். எங்களுக்குள் அது இன்னும் தீரவில்லை. அட்டை அவனிடமே இருக்கிறது. ஆல்பத்தில் இல்லை, மேசை லாச்சியில்.

2024 ஜூலை 28ஆம் திகதி எங்கள் மாவட்டத்திலேயே, ரங்கிரி தம்புள்ளை மைதானத்தில், மகளிர் ஆசியக் கிண்ண இறுதிப்போட்டி. இந்தியா 165. சமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69, எட்டு விக்கெட்டால் வெற்றி. அதே தொடரில் மலேசியாவுக்கு எதிராக சமரி 119 அடித்திருந்தார். எங்களில் ஒருவரின் அக்கா மகள் பழைய கட்டைக் கலைத்துப் பார்த்துவிட்டு, "இதுல சமரி எங்க?" என்று கேட்டாள். எங்கள் பக்கெட்டில் பெண் ஒருவர்கூட இல்லை. அதை அவ்வளவு நாள் நாங்கள் பேசியதும் இல்லை.

பத்திரிகைப் படத்தை வெட்டி, சவர்க்காரப் பெட்டி மட்டையில் ஒட்டி, அளவுக்கு நறுக்கி அட்டை செய்தோம். ஒருநாள் போட்டியில் கூடிய ஓட்டம் ஆட்டமிழக்காமல் 195 என்பதைப் பேனாவால் எழுதினாள். மொத்த ஓட்டத்தை மட்டும் பென்சிலால் எழுதச் சொன்னோம், கூடிக்கொண்டே போகுமே. உக்குவெலயில் இருக்கும் பழைய கூட்டாளி அதற்கு ஒரு சேவாக்கும் ஒரு பிரெட் லீயும் தருவதாகச் சொல்லியிருக்கிறான். கலிஸும் வேண்டும் என்கிறாள் அவள்.