எச்சரிக்கையும் நம்பிக்கையும்

எமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு பழைய மாணவர் சங்கத்தினர் கேட்டபோது, தமிழாசிரியன் ஒருவன் இலக்கியம் பற்றியே எழுதுவான் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் எழுதப் புகுவதோ, இணையத்தளம் ஒன்றின் சான்றிதழ் நம்பத்தக்கதன்று எனக் கணினித் திரையில் தோன்றும் எச்சரிக்கையைப் பற்றி. இதனை எழுத எனக்குள்ள தகுதி யாதெனின், அவ்வெச்சரிக்கையை மதியாதிருக்க மாணவருக்குக் கற்பித்தவன் யான் என்பதே.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கணினி ஆசிரியர் விடுமுறையிற் சென்றிருந்த நாளொன்றில் அவருடைய பாடவேளையைக் கவனிக்கும் பொறுப்பு என்னைச் சார்ந்தது. மாணவர் ஒரு கல்வித் தளத்தைத் திறக்க முயன்றனர். திரையிற் சிவந்த குறியொன்றும், இவ்விணைப்புப் பாதுகாப்பானதன்று என்னுங் கருத்துடைய ஆங்கில வாசகமுந் தோன்றின. முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இனி என்ன செய்வது?” என்றான். யானும் சற்றுந் தயங்காது, “அஃது அப்படித்தான் வரும். கீழே உள்ளதை அழுத்திவிட்டு மேலே போ” என்றேன். தளம் திறந்தது. வகுப்பு மகிழ்ந்தது. யானும் மகிழ்ந்தேன்.

மறுவாரம் கணினி ஆசிரியர் வந்து காரணத்தைக் கண்டறிந்தார். அப்பழைய கணினிகளின் உள்ளே நேரத்தைக் காக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. மின்சாரம் தடைப்படுந்தோறும் அவற்றின் நாட்காட்டி 2010ஆம் ஆண்டுக்குத் திரும்பிவிடும். பிற்காலத்தில் வழங்கப்பட்ட சான்றிதழ்கள் யாவும் அவற்றுக்கு இன்னும் பிறவாதனவாகவே தோன்றின. தளத்திற் குற்றமில்லை, எமது கணினியின் கடிகாரமே பிழை. யான் கூறியது சரியாயிற்று என உள்ளூரப் பெருமைப்பட்டேன்.

அம்மாணவன் பின்னர் கொழும்பில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பெற்றான். கோயில் திருவிழாவுக்கு ஊர் வந்தபோது என்னைக் காண வந்தான். முகம் வாடியிருந்தது. தொழில் நிமித்தம் வெளியூர் சென்று விடுதியொன்றில் தங்கியபோது, அங்குள்ள இலவச இணைய இணைப்பில் அலுவலக மின்னஞ்சலைத் திறந்தானாம். அதே சிவப்புக் குறி தோன்றியதாம். என் சொல் நினைவுக்கு வர, கீழே அழுத்தி மேலே சென்று கடவுச்சொல்லையுங் கொடுத்தானாம். சில நாட்களில் அவன் பெயரால் வாடிக்கையாளருக்குக் கடிதங்கள் சென்றன. பணத்தை வேறொரு வங்கிக் கணக்கில் இடுமாறு அவை கூறின. ஒருவர் இட்டும்விட்டார். அவனுடைய வேலை போயிற்று. கடவுச்சொல் அவ்விடத்திலேதான் களவு போயிற்று என்று நிறுவ எம்மிடம் சான்று இல்லை. அவன் என்மீது குறை கூறவுமில்லை. “அஃது அப்படித்தான் வரும் என்று எண்ணினேன், ஐயா” என்றான். என் சொற்களையே திருப்பிக் கூறுகின்றோம் என்பதை அவன் உணர்ந்தானோ, அறியேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதன் பின்னரே அச்சிவப்புக் குறியின் பொருளை அறிய முற்பட்டேன். நம் ஊரில் ஒருவர் இன்ன இடத்தில் வதிகிறார் என்பதற்குக் கிராம அலுவலர் சான்றிதழ் கொடுக்கிறார். பிரதேச செயலாளர் அதில் மேலொப்பம் இடுகிறார். அதனை ஏற்கும் அலுவலகத்தார் கிராம அலுவலரை நேரில் அறியாவிடினும், செயலாளரின் முத்திரையை அறிவர். இணையத்தளத்தின் சான்றிதழும் இத்தகையதே. அதன் அமைப்பு 1988இல் வகுக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் நெற்ஸ்கேப் நிறுவனம் இணையத்தில் அதனை வழக்கிற் கொணர்ந்தது. நாம் நாடிய பெயரும் சான்றிதழிலுள்ள பெயரும் ஒன்றா, அதன் காலம் நடப்பிலுள்ளதா, ஒப்பமிட்டவர் நம்பிக்கைக்குரியோர் பட்டியலில் உள்ளாரா என உலாவி நோக்குகிறது. இவற்றுள் ஒன்று பிழைப்பினும் எச்சரிக்கை எழுகிறது.

பிழைப்பதற்குரிய காரணங்களோ பல. தளத்தை நடத்துவோர் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருக்கலாம். எமது வகுப்பிற்போலக் கடிகாரம் பிழைத்திருக்கலாம். விடுதியின் இணைப்பு, முதலில் தன் பதிவுப் பக்கத்தைக் காட்டும் பொருட்டு இடைமறிக்கலாம். இவையன்றி, உண்மையாகவே கள்வன் ஒருவன் இடையில் நிற்கவுங்கூடும். இவையெல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே குரலிற் கூவியமையே பழைய எச்சரிக்கைகளின் பெருங்குறை. புலி வருகிறது எனப் பொய்யாய்க் கூவிய சிறுவனின் கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அச்சிறுவன் குறும்பினாற் கூவினான். மென்பொருளோ அறியாமையாற் கூவுகிறது. எனினும் கேட்போர் நெஞ்சில் விளைவது ஒன்றே.

இதனை ஆராய்ந்தோர் பலர். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எச்சரிக்கைகளை நோக்கிற்று. சான்றிதழ் பற்றிய எச்சரிக்கையைக் குரோம் உலாவியிற் கண்டோர் நூற்றுக்கு எழுபது தடவை அதனைக் கடந்து சென்றனர். பயர்பொக்ஸில் அது நூற்றுக்கு முப்பத்துமூன்றே. மனிதர் இரு சாதியினர் அல்லர். எச்சரிக்கும் முறை வேறுபட்டால் மனிதர் நடத்தையும் வேறுபடுகிறது என்பதே இதன் பொருள். ஆகவே, பொதுமக்கள் கவலையற்றோர் எனப் பழிகூறித் தப்புதல் மென்பொருள் ஆக்குவோருக்குப் பொருந்தாது. மாணவன் மந்தன் எனக் கூறித் தப்புதல் ஆசிரியனுக்குப் பொருந்தாதவாறு போல.

எச்சரிக்கை பயனற்றது என்று இதனால் முடிவு செய்தலுந் தவறாகும். 2011இல் நெதர்லாந்து நாட்டில் டிஜிநோட்டர் என்னும் சான்றிதழ் வழங்கும் நிறுவனத்துட் கள்வர் புகுந்து, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை ஆக்கினர். கூகிளின் பெயரால் ஆக்கிய ஒன்று, ஈரான் நாட்டு மக்களின் மின்னஞ்சலை ஒற்றறியப் பயன்பட்டது. முத்திரை மெய்யான முத்திரையே. ஆதலால் உலாவிகள் பல அதனை ஏற்றன. குரோம் மட்டும், கூகிளின் சான்றிதழில் யார் ஒப்பமிடுதல் கூடும் எனத் தனியே அறிந்திருந்தமையால் எச்சரித்தது. ஈரானியர் ஒருவர் அவ்வெச்சரிக்கையைக் கண்டு மேலே செல்லாது நின்று, இஃது என்ன என்று பொதுவில் வினவினார். அவ்வினாவே களவை வெளிக்கொணர்ந்தது. அடுத்த மாதமே அந்நிறுவனம் முறிந்தது. அம்மனிதருக்கு என்போன்ற ஓர் ஆசிரியன் வாய்த்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என எண்ணி யான் நாணியதுண்டு.

எம் பழைய மாணவரிற் பலர் இன்று உள்நாட்டிலும் கடல் கடந்தும் மென்பொருள் ஆக்குவோராய் விளங்குகின்றனர். அவர்கட்குத் தமிழாசிரியன் என்ற முறையிற் சில கூற விழைகிறேன்.

முதலாவது, காரணத்தை அறிந்து கூறுக. இன்று குரோம் போன்ற உலாவிகள், கடிகாரம் பிழையாயின் கடிகாரம் பிழை என்றே தனியாகக் கூறுகின்றன. அன்று எமக்கு அவ்வொரு வாக்கியம் கிடைத்திருப்பின், யான் கடிகாரத்தைத் திருத்தியிருப்பேன், மாணவனைக் கெடுத்திருக்கமாட்டேன்.

இரண்டாவது, படிப்போர் மொழியிற் கூறுக. ‘சான்றிதழ் வழங்குநர் ஏற்கப்படவில்லை’ என்னும் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் அதனைப் படிப்பவர் செய்யத்தக்கது யாது? ‘நீங்கள் நாடிய தளம் இதுதான் என்று உறுதிசெய்ய முடியவில்லை. கடவுச்சொல்லை இங்கே எழுத வேண்டாம். வேறோர் இணைப்பில் முயன்று பாருங்கள்’ என்றால் என் அன்னையாருக்கும் விளங்கும்.

மூன்றாவது, திரும்பிச் செல்லும் வழியை அகலமாகவும் கடந்து செல்லும் வழியை ஒடுக்கமாகவும் அமைக்க. குரோம் இவ்வாறு மாற்றியமைத்தபோது, முன்னிலும் மிகுதியானோர் திரும்பிச் சென்றனர் என 2015இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. ஆயினும் ஆபத்து யாதென்னும் விளக்கம் அவர்களிடம் எதிர்பார்த்தவாறு வளரவில்லை. விளக்கம் இன்றிக் கீழ்ப்படிதல் வளர்வதை நாம் வகுப்பறையிலும் கண்டிருக்கிறோம். அது போதாது, எனினும் கடவுச்சொல்லைக் காக்கும். வங்கி போன்ற தளங்கள் கடந்து செல்லும் வழியை முற்றாக அடைக்குமாறு உலாவியைப் பணிக்கும் முறையும் 2012இல் வகுக்கப்பட்டுள்ளது. அதனையே எல்லாத் தளங்களுக்கும் விதித்தல் தகாது. 2021 செப்டெம்பர் 30இல் பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, பழைய கருவிகள் சில நல்ல தளங்களையும் நம்ப மறுத்தன. பழைய கருவிகளை வைத்திருப்போர் பெரும்பாலும் வசதியற்றோர் என்பதை மறத்தலாகாது.

நான்காவது, சான்றிதழுக்கு இல்லாத பெருமையைக் கொடாதிருக்க. பூட்டுச் சின்னத்தின் சரியான பொருளை அறிந்தோர் தம் ஆய்விற் பங்குகொண்டோரில் நூற்றுக்குப் பதினொருவரே என 2021இல் கூகிள் நிறுவனத்தார் கண்டனர். தளம் நேர்மையானது என்பதற்கு அது சான்று எனப் பலர் மயங்கினர். 2023இல் குரோம் அச்சின்னத்தை நீக்கியது. சான்றிதழ் பெயரை உறுதிப்படுத்தும், குணத்தை அன்று. என்னிடமும் பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப்பத்திரம் ஒன்று உண்டு. யான் பயிற்சி பெற்றவன் என்பதற்கு அது சான்று. அன்று வகுப்பில் யான் கூறிய விடைக்கு அது சான்றாகாது.

கணினி அறையின் மின்கலங்கள் மாற்றப்பட்டுவிட்டன. அதற்கான செலவு மிகச் சிறிது. சென்ற ஆண்டு யான் கட்டுரைப் பாடத்தில் மாணவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். திரையில் வரும் எச்சரிக்கையைத் தம் வீட்டிலுள்ள முதியவர்க்கு விளங்குமாறு தமிழில் எழுதுக என்றேன். முப்பதுக்கு மேற்பட்ட விடைகள் வந்தன. அவற்றுள் நல்லது ஒன்றைத் தெரிந்து பெரிய எழுத்தில் எழுதுவித்துக் கணினி அறைச் சுவரில் ஒட்டியுள்ளோம். அதன் கீழே, “ஐயமிருப்பின் ஆசிரியரைக் கேள்” என்றொரு வரியை யானே சேர்த்தேன். கேட்கப்படும் ஆசிரியன் ‘அறியேன், பார்த்துச் சொல்கிறேன்’ என்று கூறக் கற்றிருத்தல் வேண்டும். அதனைக் கற்க எனக்கு இத்தனை ஆண்டுகள் சென்றன. அதன் விலையையோ என் மாணவன் கொடுத்தான்.