நெகட்டிவ் நம் கையில் இருக்கட்டும்

நாங்கள் கல்லூரியில் படித்தபோது எங்கள் சேரியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். பிணத்தைத் தெரு வழியாக எடுத்துப்போகக் கூடாது என்று மறித்தார்கள். இரவல் கேமராவில் ஒரு ரோல் முழுக்க அதைப் படம் எடுத்தோம். கழுவக் கொடுத்த கடையில், "ஃபிலிம்ல வெளிச்சம் பட்டுப்போச்சு" என்றார்கள். நெகட்டிவையும் தரவில்லை. பாதை கேட்டுக் கொடுத்த மனுவோடு வைக்க ஒரு படம்கூட இல்லாமல் போனது.

அந்த ஆத்திரத்தில்தான் கறுப்பு-வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவக் கற்றுக்கொண்டோம்.

கும்மிருட்டில் ஃபிலிமைச் சுருளில் ஏற்றி, வெளிச்சம் புகாத டாங்கில் போட்டு மூட வேண்டும். சினிமாவில் காட்டும் சிவப்பு விளக்கு பேப்பரில் பிரிண்ட் போடத்தான். இங்கே அது ஃபிலிமைக் கெடுத்துவிடும். ஜன்னலைப் போர்வையால் அடைத்துவிட்டு வேலை செய்கிறோம். ஹெச்பி5 ஃபிலிமுக்கு, நீர் கலக்காத டி-76 டெவலப்பரில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சித்திரை வெயிலில் எங்கள் குழாய்த் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டும். ஐஸ் போட்ட பேசினில் பாட்டில்களை நிறுத்திச் சூட்டைக் குறைப்போம். பிறகு தண்ணீர், அப்புறம் ஹைப்போ, கடைசியில் நன்றாக அலசல். துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்தால் முடிந்தது.

முதல் ரோலில் பதற்றத்தில் ஹைப்போவை முதலில் ஊற்றிவிட்டோம். ஃபிலிம் கண்ணாடி மாதிரி வெளுத்து வந்தது. அதில் இருந்த பாட்டியிடம் போய்ச் சொன்னோம். "இன்னொருவாட்டி எடுங்கடா, நான் எங்க ஓடிப்போறேன்" என்று சிரித்தார்.

பழைய ஹைப்போவில் ஃபிலிமின் வெள்ளி கரைந்திருக்கும். அதைச் சாக்கடையில் ஊற்றுவதில்லை. அந்தச் சாக்கடைக்குள் இறக்கப்படுவது யார் என்று நமக்குத் தெரியும். கேனில் சேர்த்து, வெள்ளி பிரிப்பவர்களிடம் கொடுக்கிறோம்.

"செல்போன் இருக்கே, எதுக்குண்ணா இவ்வளவு பாடு?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். செல்போனிலும் எடுங்கள், உடனே நாலு பேருக்கு அனுப்புங்கள். ஆனால் போனைப் பிடுங்கிப் படத்தை அழிக்க வைத்ததையும் பார்த்திருக்கிறோம். எடுப்பது, கழுவுவது, பத்திரப்படுத்துவது எல்லாம் நம் கையில் இருக்கும் ஒரு வேலையாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டின்படி, வரி கட்டும் நிலம் கால்வேலியும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ளவர் பெயரே குடத்தில் விழும். நம் பாட்டன் பெயர் அதில் விழ வழியே இல்லை. 1909இல் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளிலோ நம் மக்கள் சாதி மாதிரிகளாக நிற்கிறார்கள்.

இரண்டாவது ரோலில் பாட்டி நேராக நம்மைப் பார்க்கிறார். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் இல்லாத சிரிப்பு அது. உறையின் மேல் அவர் பெயரும் தேதியும் எழுதி வைத்திருக்கிறோம்.

கற்றுக்கொள்ள வாருங்கள். போர்வை மட்டும் கொண்டுவாருங்கள், எங்களிடம் இருப்பது கிழிசல்.

ஜெய் பீம்!