கடல் வந்த அன்று தூக்கிய கைகள்

வலையின் முடிச்சு சாச்சாவின் விரலுக்குத் தெரிவதில்லை. கண்ணால் பார்த்துத்தான் இறுக்குவார். ஒலுவில் துறைமுகத்துக் கல்லணைப் பக்கம், காலை வெயிலில், இறுக்கியதை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அவிழ்ப்பார். “எழும்பக்குள்ள கை கல்லு மாரி மகன். லுஹர் பாங்கு சொல்லக்குள்ளதான் கொஞ்சம் இளகும்.” உள்ளங்காலில் எறும்பு ஊர்கிறது என்பதும் உண்டு. அதைச் சொல்ல வெட்கப்படுவார்.

அந்தக் கல்லணை 2004இல் கிடையாது. 2000இல் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃப் கண்ட கனவு அது. வேலை தொடங்கியது 2008இல், திறந்தது 2013இல். இப்போது துறைமுக வாயில் மணல் சேர்கிறது, வடக்கே கரையைக் கடல் தின்கிறது. கடல் வந்த அன்று இதெல்லாம் வெறும் மணற்கரை.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், ஞாயிறு, போயா லீவு. இலங்கையிலேயே கூடுதலான உயிரைக் கொடுத்தது அம்பாறை மாவட்டம்தான், பத்தாயிரத்துக்கு மேல். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோர வீதிகளுக்குள் முதலில் இறங்கியவர்கள் சாரனை மடித்துக் கட்டிய பொடியன்கள். ஒலுவிலில் இருந்து போனவர்களில் சாச்சாவும் ஒருவர். கழன்று கிடந்த கதவுப் பலகையில் காயப்பட்டவரை ஏற்றினார்கள். மையித்துகளைப் பன்பாயில் சுற்றினார்கள். கையுறைக்குப் பதில் சொப்பிங் பேக்கை மணிக்கட்டில் கட்டிக்கொண்டார்கள். அரை மணித்தியாலத்தில் அது கிழிந்துவிடும். கக்கூஸ் குழி உடைந்த தண்ணீர், டீசல், நொறுங்கிய அஸ்பெஸ்டஸ் சீற், சீமெந்துத் தூசு, எல்லாம் ஒரே சேறு. பிறகு கல்லும் கம்பியும் அகற்றும் வேலை. சேறு காய்ந்து தூசாகப் பறந்த நாட்கள் அவை. முகத்தை மூட ஒரு லேஞ்சி.

2006 கடைசியில் கல்முனைப் பக்கம் சிக்குன்குனியா வந்தது. வீட்டுக்கு வீடு ஆட்கள் நடக்க முடியாமல் குந்தினார்கள். அந்தக் காய்ச்சல் விட்டுப் போகும் மூட்டுவலி சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கும் என்பது உண்மைதான். அதற்குப் பிறகு சாச்சாவின் வலிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. கால் விறைத்தால் சீனி வருத்தம், கை விறைத்தால் சிக்குன்குனியா. மருந்துத் துண்டில் 2004 என்ற வருஷம் ஒருநாளும் ஏறவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

கடல் சேறுதான் காரணம் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். சீனியும் நரம்பைத் தின்னும். ஆனால் உடம்பின் காவலே திரும்பிச் சொந்த மூட்டையும் நரம்பையும் தாக்குகிற நோய்களுக்கு ஒரே வாசல் இல்லை. கல்லிலும் கொங்கிரீட்டிலும் இருக்கிற சிலிக்காத் தூசு ஒரு வாசல். மனசில் தங்கிய அதிர்ச்சி இன்னொன்று: சுவீடனில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களை வைத்து 2018இல் வந்த ஆய்வு, பேரதிர்ச்சிக்குப் பின் மனநோய்க்கு ஆளானவர்களுக்கு இவ்வகை நோய் கூடுதலாக வருவதைக் காட்டியது. ஒரு குழந்தையைத் தூக்கிய கதையைச் சாச்சா பாதியில் நிறுத்துவார். மீதி இத்தனை வருஷமாக எங்கே இருக்கிறது?

நியூயோர்க்கில் 2001இல் கோபுரங்கள் விழுந்த இடத்தில் வேலை செய்த தீயணைப்புப் படையினரைப் பற்றி 2015இல் ஒரு ஆய்வு வந்தது. இடிபாட்டில் கூடுதலாக நின்ற ஒவ்வொரு மாதத்துக்கும் தன்னுடல் தாக்கு நோய்க்கான வாய்ப்பு 13 வீதம் ஏறியது. அப்படிக் கணக்கிட முடிந்ததற்குக் காரணம், யார் எத்தனை நாள் நின்றார் என்பதும் அவருடைய பழைய உடல்நிலையும் ஏற்கெனவே எழுத்தில் இருந்ததுதான். அவ்வளவு இருந்தும், அங்குள்ள சுகாதாரத் திட்டத்திடம் கேட்டபோது சான்று போதாது என்று அந்த நோய்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை. கோவை உள்ளவனுக்கே அந்தப் பதில் என்றால் கோவையே இல்லாத சாச்சா எங்கே போய் நிற்பது?

2020 செப்டெம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்கு நேரே ஆழ்கடலில் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிந்தது. உள்ளே 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகெண்ணெய். பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் இறந்தார். காயப்பட்ட பொறியியலாளர் கல்முனை ஆஸ்பத்திரிக்கு வந்தார். நம் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கரையோரக் காவல்படையும் நாட்கணக்கில் புகைக்குள் நின்றன. அவர்களுக்கும் பின்னாளில் கை விறைக்கலாம். ஆனால் படையில் இருப்பவருக்குப் பெயரும் இலக்கமும் உண்டு. அன்று எந்தக் கப்பலில் நின்றார் என்பது எழுத்தில் உண்டு.

2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் மதரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. தேடி இறங்கியவர்களில் ஊர்ப் பொடியன்களும் இருந்தார்கள். இருபது வருஷத்துக்குப் பிறகும் அதே சாரன், அதே வெறுங்கால்.

அவர்களுடைய பெயர்களை இப்போதே எழுதலாம். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிடம் ஒரு கொப்பி இருந்தால் போதும்: பெயர், வயது, எத்தனை நாள் நின்றார், எதைத் தொட்டார், சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு. ஒரு பிரதி சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துக்கு. 2004இல் தூக்கியவர்களையும் அதிலேயே சேர்க்கலாம். நாற்பது, ஐம்பது வயதில்தான் இருக்கிறார்கள். யார் எந்த வீதியில் நின்றார் என்று ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லும் அளவுக்கு ஞாபகமும் இருக்கிறது.