கரையேற்றுவதா, கரையாக இருப்பதா?

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர்; வாழ்க்கைப்பட்டது இராஜபாளையம். நடுவில் சுமார் 12 கிலோ மீட்டர்தான். ஆனாலும் பேச்சில் வித்தியாசம் உண்டு. கல்யாணமான புதிதில், சுந்தரபாண்டியம் கைத்தறிச் சேலை ஒன்றைக் கட்டியிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "அஞ்சு ரொம்ப நல்லாயிருக்கு" என்றார். "அஞ்சா? நான் ஒண்ணுதானே கட்டியிருக்கேன்!" என்று விழித்தேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சேலைக் கரையைத்தான் தெலுங்கில் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

நம் 'கரை' மட்டும் லேசுப்பட்டதா? ஒரு தடவை சலவைக் கணக்கு நோட்டில், "சிவப்புக் கறை போட்ட வெள்ளைச் சேலை" என்று எழுதிவிட்டேன். வல்லின 'ற' போட்டால் அது அழுக்கல்லவா! "எவ்வளவு தேய்ச்சும் போகலையேம்மா" என்று சலவைக்காரர் கேலி செய்தார்.

இப்படிச் சிரிப்பாக இருந்த சொல், போன மாதம் என்னை அழவைத்துவிட்டது. ஊரிலிருந்து அத்தை வந்திருந்தார். படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் என் மகளைக் காட்டி, "இவளை எப்போ கரையேத்தப் போறே?" என்று கேட்டார். நானும் பழக்கதோஷத்தில், "அதை நினைச்சா ராத்திரி தூக்கமே வரலை அத்தை" என்றேன்.

அத்தை போனதும் மகள் கேட்டாள்: "ஏம்மா, நான் என்ன தண்ணியிலேயா தத்தளிக்கிறேன்?" அவள் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். சேலையின் கரையை ஏன் அழுத்தமாக நெய்கிறார்கள்? ஓரம் பிரியாமல் இருக்கத்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் கண்மாய்க் கரைக்கு ஏன் மண் போட்டுப் பலப்படுத்துகிறார்கள்? உள்ளே நிற்கிற தண்ணீரைக் காப்பாற்றத்தான். கரை என்பது உள்ளே இருப்பதைத் தாங்குவது. பாரம் என்று நினைத்துத் தள்ளிவிடுவதற்கு அந்தச் சொல்லை நாம் எப்படிப் பழக்கிக்கொண்டோம்?

மறுநாள் காலையில் காபியைக் கொடுத்துவிட்டு, "முதல்லே உனக்கு வேலை கிடைக்கட்டும். கல்யாணத்தை நீ சொல்றப்போ பேசிக்கலாம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பெண்ணைப் பெற்ற சகோதரிகளே, 'கரையேற்றணும்' என்று அவள் காதுபடச் சொல்லாதீர்கள். அவளுக்கு நாமே கரையாக இருப்போம்.