கண்ணாடி ஏறலையா? மோட்டாரை மாத்து!

பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். காதல் கவிதை ஏற்கெனவே 14 வந்து குவிந்திருக்கிறதாம். பதினைந்தாவது வேண்டாம் என்று கார் கண்ணாடியைப் பற்றி எழுதுகிறேன். (உடையாத கண்ணாடி. அதனால் சோகம் இருக்காது.)

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பறப்பதுதான் அசல். ஆனால் நம்ம பக்கம் ரோட்டில் அந்தப் பெயருக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வந்தது காண்டெசா. 1984 முதல் 2002 வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி. இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் உடம்பு, பின்னாளில் ஜப்பான் இசுசு இன்ஜின். நாலு கதவு இருந்தால் ஸ்போர்ட்ஸ் காரா என்று சண்டைக்கு வராதீர்கள். அந்த நீள மூக்கை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

செமஸ்டர் லீவில் நான் போகும் ஷெட் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், பழைய சீவரத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் திருமுக்கூடலில் இருந்து பாலம் தாண்டினால் சைக்கிளில் கால் மணி நேரம். அங்கேதான் ஒரு வெள்ளை காண்டெசா வந்தது. வைத்திருப்பவர் முன்பு ரைஸ் மில் நடத்தியவர். டிரைவர் பக்கக் கண்ணாடி ஏறாது, இல்லையென்றால் பாதியில் நிற்கும். போன மழையில் சீட் முழுக்க நனைந்து, உள்ளே ஒரே நாற்றம். மழை இல்லாத நாளில் ஜல்லி லாரித் தூசி.

"ஏற்கெனவே ஒரு இடத்துல 3,200 ரூபாய் குடுத்து மோட்டாரே மாத்தியாச்சு தம்பி. பத்து நாள்ல மறுபடி அதே கதை. இதுவும் சரியா வரலைன்னா காயலான் கடைக்குத் தள்ளிட வேண்டியதுதான். வீட்லயும் அதான் சொல்றாங்க" என்றார்.

கண்ணாடிக்காக ஒரு காரே காயலான் கடைக்கா! எனக்கு வயிறு கலங்கியது. அண்ணன் (ஷெட் ஓனரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) கதவைத் தொடக்கூட இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எப்பவாவது நல்லா ஏறுதா சார்?"

"ஏறும். இறங்கறப்போ கதவைத் திறந்துட்டு அமுக்கினா சில நேரம் சல்லுனு ஏறும். அது என்ன மாயமோ!"

பாதி வேலை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

இது கம்பெனியில் வந்த பவர் விண்டோ இல்லை, பின்னால் கிட் வாங்கிப் பொருத்தியது. ஸ்விட்ச் ஹேண்ட் பிரேக் பக்கத்தில். அங்கிருந்து இரண்டு ஒயர், கதவுக் கீல் வழியாக மோட்டாருக்குப் போகிறது. டி.சி. மோட்டார் என்பதால் இந்த ஒயரில் பிளஸ் கொடுத்தால் ஏறும், மாற்றிக் கொடுத்தால் இறங்கும். அவ்வளவுதான் சர்க்யூட். நம்ம லேப் பலகையில் இதைவிடப் பெரிய சர்க்யூட் எல்லாம் போட்டிருக்கிறோம். ஒரே வித்தியாசம், பலகையில் ஒயர் எல்லாம் வெளியே தெரியும்.

முதலில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தேன். மோட்டார் கனெக்டரில் பல்பு பளிச்சென்று எரிந்தது. "கரண்ட் வருதுண்ணா, அப்போ மோட்டார்தான்" என்று யாருக்கும் தோன்றும். முன்னால் பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். அண்ணன் மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து, "மோட்டாரைக் கழட்டாதே. ஓட விட்டுப் பாரு" என்றார்.

நண்பர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், வைவாவில் கேட்டாலும் கேட்பார்கள். பேட்டரியில் 12.5 வோல்ட். கனெக்டரைப் பிரித்துவிட்டு ஸ்விட்சை அமுக்கினால் அதிலும் கிட்டத்தட்ட அதே அளவு. மோட்டாரை ஓட விட்டதும் கனெக்டரில் 8.1 ஆக விழுந்தது! மீதி 4.4 வோல்ட் வழியில் எங்கோ தின்னப்படுகிறது. மீட்டரின் இரண்டு முனையையும் ஒரே ஒயரின் இரண்டு பக்கம் வைத்து, மோட்டாரை ஓட்டியபடி ஒவ்வொரு துண்டாகப் பார்த்தோம். ஃபியூஸ், ஸ்விட்ச், எர்த் எல்லாம் சேர்ந்து 1.4 வோல்ட். கீல் தாண்டும் ஒரு சாண் ஒயரில் மட்டும் 3 வோல்ட்.

ரப்பரை உருவிப் பார்த்தால் மேல் உறை முழுசாக இருக்கிறது. உள்ளே செம்புக் கம்பிகள் அறுந்து, நாலைந்து இழைதான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எத்தனை வருஷமாகக் கதவைத் திறந்து மூடியிருப்பார்கள்! அந்த நாலு இழைக்கு அரை ஓம் தடை என்று வையுங்கள். 5 வாட் பல்பு இழுப்பது 0.4 ஆம்பியர்தான், அதில் போவது 0.2 வோல்ட். அதனால் பல்பு ஒன்றும் தெரியாத மாதிரி எரியும். மோட்டார் 6 ஆம்பியர் இழுக்கும்போதுதான் 3 வோல்ட் போகும். கதவைத் திறந்தால் அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொடும், கண்ணாடி சல்லென்று ஏறும். சார் சொன்ன மாயம் அதுதான்.

பாதியில் நிற்பதற்கும் இதுதான் காரணம். வோல்ட் குறைந்து திணறும் மோட்டார் சூடாகும். சூடு ஏறினால் தானே ஆஃப் ஆகிக்கொள்ளும் பாதுகாப்பு அதற்குள் இருக்கிறது, ஆறியதும் மறுபடி ஓடும். புது மோட்டார் போட்டதும் கொஞ்ச நாள் சமாளித்திருக்கிறது, அப்புறம் அதுவும் திணற ஆரம்பித்துவிட்டது.

கண்ணாடி ஓடும் பள்ளத்தில் ஜல்லித் தூசி வேறு களிம்பாக ஒட்டியிருந்தது. யாரோ அதில் கிரீஸ் தடவியிருக்கிறார்கள். கிரீஸ் தூசியை விடுமா? சுரண்டித் துடைத்து சிலிகான் ஸ்ப்ரே அடித்தோம். கீலுக்கு மெல்லிய இழை அதிகமுள்ள ஒயர் போட்டு, ஜாயின்ட் இரண்டையும் மடங்காத இடத்துக்குத் தள்ளினோம். ஸ்விட்ச் வழியாக முழு கரண்டும் போகாதபடி 5 பின் ரிலே இரண்டு. சும்மா இருக்கும்போது இரண்டு ரிலேயின் 87ஏ பின்னும் எர்த்தில். எந்தப் பக்கம் அமுக்குகிறோமோ அந்த ரிலே மட்டும் 87-க்குத் தாவி பிளஸ் கொடுக்கும். முன்பு 11 வினாடி எடுத்த கண்ணாடி இப்போது 4 வினாடியில் ஏறியது. ஓடும்போது மோட்டாரில் 11.6 வோல்ட்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். பில்!

ரிலே, ஒயர், ஃபியூஸ் ஹோல்டர், ஸ்ப்ரே எல்லாம் சேர்த்து 610 ரூபாய். வேலை ஒன்றரை நாள், அதில் ஒரு நாள் தேடியதற்கே போனது. அண்ணனின் பில் புக்கில் தேடியதற்கு காலமே கிடையாது. சாமான், கூலி என்று இரண்டுதான். கூலி என்றால் மாட்டிய கூலி. மோட்டார் மாத்தினேன் என்று சொல்லி 3,200 வாங்கினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு சாண் ஒயர் மாத்தினேன் என்று 1,500 கேட்டால் சண்டை வரும்.

இது எனக்குப் புதுசு இல்லை. எங்கள் அப்பா பட்டுத்தறி நெய்கிறவர். பாவில் ஓர் இழை அறுந்தால், எங்கே அறுந்தது என்று தேடிப் பிணைக்கச் சில நாள் கண்ணே போய்விடும். கூலி என்னவோ புடவைக்குத்தான். தேடிய நேரம் யார் கணக்கிலும் வராது.

வருகிற ஒரு கணக்கு எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063-1070) காலத்துக் கல்வெட்டு. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை இங்கே இருந்தது, அதில் யார் யாருக்கு எவ்வளவு என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். நோய் பார்க்கும் வைத்தியருக்கு வருஷத்துக்கு நெல் 90 கலம், கூடவே 8 காசு. அறுத்துச் சிகிச்சை செய்பவருக்கு 30 கலம். சின்ன வயசில் அந்தச் சுவர் பக்கத்தில் ஓடிப்பிடித்து விளையாடியதுதான் மிச்சம், இந்த 90-க்கும் 30-க்கும் நடுவில் இவ்வளவு பெரிய விஷயம் இருப்பது அப்போது தெரியாது.

அண்ணனிடம் இதைச் சொன்னேன். "டேய், சோழன் குடுப்பான். நம்ம கஸ்டமர் குடுப்பாரா?" என்று சிரித்தார். ஆனால் எழுதும்போது பேனா நின்றது. சாமான் 610, கூலி 400 போட்டுவிட்டு, கீழே கோடு கிழித்துப் புதுசாக ஒரு வரி எழுதினார்: 'பழுது கண்டுபிடித்தது, ரூ. 500.'

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இது இன்னாப்பா, கண்டுபிடிச்சதுக்கு தனியா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. மீட்டரை எடுத்து, கழட்டிய ஒயரை அவர் கையில் கொடுத்து வளைக்கச் சொன்னார். முள் மேலும் கீழும் குதித்தது. சார் அதை ஒரு நிமிஷம் குழந்தை மாதிரி வளைத்து வளைத்துப் பார்த்தார். பிறகு 1,500-ஐ எண்ணி வைத்தார். 10 ரூபாய் குறைவுதான், அண்ணனும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சார் மறுபடி வந்தார், கையில் ஒரு மஞ்சப்பை. முந்தைய இடத்தில் சண்டை போட்டுத் தன் பழைய மோட்டாரை வாங்கி வந்திருக்கிறார். நேராக பேட்டரியில் கொடுத்தோம். ஜோராகச் சுற்றியது. இடது கதவுக்கு அது பொருந்தாது, மாட்டும் பக்கம் மாறி வரும். அதனால் வலது கதவுக்கு ஸ்பேர் என்று சாக்பீஸில் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறோம்.

- மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு